பெயர் வைக்கும் அறை

எங்கள் கம்பெனி ஆட்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கிப் போகும்போது அவர் சட்டையிலும் நாலு பொட்டு மின்னும். வீட்டில் தலையணை, சோப்பு, சீப்பு, பால் பாத்திரத்து மூடி, எங்கே பார்த்தாலும் ஜிகினா. என் வீட்டுக்காரர் ஒரு தடவை பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்தபோது, தங்கப் பல் எப்போது கட்டினீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்கள் கம்பெனி வாசலைக்கூட மிதித்தது கிடையாது.

கடை ஜன்னல், விருந்து மண்டபம், மேடை இவற்றை அலங்கரிக்கிற சாமான் செய்கிற கம்பெனி. ஜிகினா ஒட்டிய தாள், ஜரிகை மாலை, வட்டப் பொட்டு தைத்த துணி, சின்ன பல்பு கோத்த சரம் என்று நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாம் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே எனக்கு வேலை, பெயர் வைப்பது.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். முதலாளியும் முதலில் சிரித்தவர்தான். அப்போதெல்லாம் எந்தச் சாமானாக இருந்தாலும் பெட்டியின் மேல் 'கிளிட்டர்' என்று ஒட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு பெரிய ஓட்டலிலிருந்து 'ஷிம்மர்' துணி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. எது மின்னினால் என்ன என்று இவர்கள் 'ஸ்பார்க்கிள்' துணியை அனுப்பினார்கள். ஷிம்மர் என்றால் மெல்ல அலை அலையாக மினுமினுப்பது. ஸ்பார்க்கிள் என்றால் பொறி பறக்கிற மாதிரி புள்ளி புள்ளியாகத் தெறிப்பது. அந்த ஓட்டலில் எடுத்த போட்டோ அத்தனையிலும் விருந்தாளிகள் முகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்து, அம்மை போட்டவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். முழுச் சரக்கும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் படித்த ஒருத்தி வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது.

நான் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து, தலைமை ஆசிரியையோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவள். எனக்கு வாய் நீளம். அதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

"ஒரே ஜிகினாவுக்கு இத்தன பேரா? இங்கிலீஷ்காரனுக்கு வேற வேல வெட்டி இல்லயா டீச்சர்?" என்று முதலாளி கேட்டார். கம்பெனியில் எல்லாருக்கும் நான் டீச்சர்.

"நம்மகிட்ட மட்டும் கொறச்சலா? பளபள, மினுமினு, தகதக, ஜொலிஜொலி, பளிச்சு, பளீர், மினுக்கு மினுக்குன்னு வச்சிருக்கோம். பித்தளக் கொடத்தப் போய் யாராவது மினுக்கு மினுக்குன்னு இருக்குன்னு சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"அதேதான் அவங்களுக்கும்."

மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு மேஜை விளக்கும், சாய்க்கிற மாதிரி ஒரு பலகையும் வைத்தேன். மாதிரித் துண்டைப் பலகையில் பொருத்தி, விளக்கைப் போட்டு, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அதற்கு உரிய சொல்லை எழுத வேண்டும். சுவரில் நானே ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன். துலக்கிய பாத்திரம் மாதிரி நிலையாகப் பளபளத்தால் கிளீம். அணைந்து அணைந்து எரிந்தால் டுவிங்கிள். கத்தி முனையில் படுகிற மாதிரி ஒரு புள்ளி ஒரு தடவை மின்னி மறைந்தால் கிளின்ட். ஒரே அடியாக அடித்துவிட்டுப் போனால் ஃபிளாஷ். கண் கூசினால் டேஸில். இப்படிப் பன்னிரண்டு.

பட்டியலுக்கு மேலே சிவப்பு மையில் முதல் கேள்வி: 'விளக்கை அணைத்தால் இருக்கிறதா?' அணைத்ததும் போய்விட்டால் அது தாள், துணி, மாலை வகை. வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தை வாங்கி மின்னுகிறது. அணைத்த பிறகும் இருந்தால் அது தானே எரிகிற சாமான். அந்த இரண்டு வகைக்கும் சொற்களே வேறு. ஜிகினா தாளுக்குள் பல்பு சரத்தை மறைத்துத் தைத்த சாமான் ஒன்று என்னைப் படாத பாடு படுத்திய பிறகு போட்டுக்கொண்ட விதி இது. பெயர் வைக்கும் அறையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. முதலாளியே வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய்யில்லை.

என் நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், எனக்கும் முன்னாலிருந்து. கீழ்த்தளத்தில் வெட்டுகிற மேஜை. அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். கோடு போடாமல், அளவு வைக்காமல் ஜிகினாத் தாளை ஆறடி நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி வெட்டுவாள். இத்தனைக்கும் சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. வெட்டும்போது அதைத் தலைமேல் ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் உரசுகிற அளவுக்குக் குனிந்துகொள்வாள். கிட்டப்பார்வையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதில் சொன்னாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு நாளைக்கு அவள் பேசுகிற சொற்களை விரல் விட்டு எண்ணலாம். நான் பேசுவதை எண்ண எங்கள் வீட்டில் விரல் போதாது. பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். குளியலறைக்குள் யார் முதலில் போவது என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய தகராறு வந்ததில்லை. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்க நான் மெனக்கெட்டதும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவள் சொன்னாள்.

"அண்ணி, வலது கண்ணுல ஏதோ மின்னுது."

"மின்னாம என்ன செய்யும்? பன்னண்டு வருஷமா ஜிகினாவுல மூக்கத் தேய்ச்சிட்டு இருக்க. போனதும் மூஞ்சியக் கழுவு."

அவள் கழுவினாள். எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் மறுபடியும் வந்தாள். நான் டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்திருந்தேன். எதிரே உட்கார்ந்தாள். தன் டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னும் இருக்கு அண்ணி. ஓரத்துல. சட்டுனு வந்துட்டுப் போகுது."

"ஒரு புள்ளியா, நெறையவா?"

"ஒண்ணுதான். ஒரு நிமிஷம் இருக்காது. அப்புறம் மறுபடி வரும்."

என் மூளை உடனே சுவரில் ஒட்டிய பட்டியலுக்குப் போனது. ஒரே புள்ளி, ஒரு தடவை, சட்டென்று மறைகிறது. "அதுக்குப் பேரு கிளின்ட்டு. ஒரு துணுக்கு இமையில சரியான கோணத்துல ஒட்டியிருக்கு. நீ கண்ண அசைக்கும்போது வெளிச்சம் பட்டு மின்னுது. உப்புப் பெறாத விஷயம். சாப்பிடு."

"கிளின்ட்டா?" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுத்துவிட்ட திருப்தியில் நான் இரண்டாவது வாய் எடுத்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாலை ஐந்தரைக்கு மணி அடித்ததும் எங்கள் கம்பெனியில் டேப் போடுகிற நேரம். கை கழுவுகிற இடத்தில் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்போம். பசை டேப்பை விரலில் திருப்பிச் சுற்றிக்கொண்டு, ஒருத்தி முகத்தில் ஒட்டியிருக்கிற ஜிகினாவை இன்னொருத்தி ஒற்றி ஒற்றி எடுப்பாள். கண்ணாடி பார்த்துத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. முன்னால் எடுக்க எடுக்கப் பின்னால் காதோரம் இருக்கும். முதல் நாள் வேலைக்கு வந்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட அந்த ஐந்து நிமிஷம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தே ஆகவேண்டும் என்பதால் எங்கள் இடத்தில் எந்தச் சண்டையும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. எனக்கு ஜோடி என் நாத்தனார்தான்.

"அண்ணி, கண்ண நல்லாப் பாருங்களேன்," என்றாள் அன்றைக்கு.

விளக்குக்கு நேராக அவள் முகத்தைத் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வலது கண்ணின் கீழ் இமையில், வெளி ஓரத்தில், தங்கப் பொட்டு ஒன்று இருந்தது. டேப் முனையால் அதை ஒற்றி எடுத்து அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இதோ உன் கிளின்ட்டு. பத்திரமா வச்சுக்கோ."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையோடு பிடிபட்ட பொருள் மாதிரி வேறு சாட்சி உண்டா? புதன்கிழமை முழுக்க அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். புதுச் சாமானின் மாதிரித் துண்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டு அவளே மாடிக்கு வந்தாள். வழக்கமாக வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். ஏன் இவள் ஏறி வந்தாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. துண்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஓரம் லேசாகக் கோணியிருந்தது.

"என்ன ஸ்கேலு, கோடு எங்கயோ போகுது?"

கதவைச் சாத்தினேன். துண்டைப் பலகையில் பொருத்தினேன். முதல் கேள்வி முதலில். மேஜை விளக்கை அணைத்தேன்.

கறுப்புத் துணி போட்ட அறை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பலகையில் ஒன்றும் இல்லை. 'இல்லை' என்று குறிப்பதற்காக நான் இருட்டிலேயே பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் மின்னுது அண்ணி," என்றாள்.

"எது? பலகையில ஒண்ணும் இல்லயே."

"பலகையில இல்ல. என் கண்ணுல."

என் கை பேனாவின் மேல் இருந்தது. அப்படியே நின்றது. இருட்டில் ஜிகினா மின்னாது. பட்டியலுக்கு மேலே சிவப்பு மையில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கண்ணில் மின்னுவது இமையில் ஒட்டிய துணுக்கு இல்லை. வெளியிலிருந்து எந்த வெளிச்சமும் அதற்குத் தேவைப்படவில்லை.

"கண்ண மூடிக்கோ. மூடினாலும் வருதா?"

"வருது."

"எப்படி வருது?"

அவள் யோசித்தாள். "போட்டோ எடுக்கும்போது அடிக்குமே, அந்த மாதிரி. ஆனா ஓரத்துல மட்டும். வில்லு மாதிரி வளைஞ்சு அடிக்குது. தலையத் திருப்பினா ஜாஸ்தியா வருது."

"வேற ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லு."

"நேத்துலேருந்து மூக்குப் பக்கம் கறுப்பா ஒரு தெர மாதிரி வருது. மொதல்ல முடி விழுந்திருக்குன்னு ஒதுக்கி விட்டேன். ஒதுங்கல. இன்னிக்கு நடு வரைக்கும் வந்திடுச்சு. அதான் கோடு சரியாத் தெரியல."

விளக்கைப் போட்டேன். அவள் வலது கையால் கன்னத்தில் இல்லாத முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். போகிற வழியில் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். கண் ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் அவருடைய மஞ்சள் வேன் நின்றுகொண்டிருந்தது. தங்கை என்றால் அவருக்கு உயிர். அம்மா அப்பா போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே படியேறினார். ஒன்றுமில்லை என்று நான் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்கள். என் வயசுதான் இருக்கும். சிடுசிடுப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று பத்து நிமிஷம் பார்த்தார்கள். அப்புறம் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்கள்.

"கண்ணுக்குப் பின்பக்கம், செவுத்துல ஒட்டின காகிதம் மாதிரி ஒரு படலம் இருக்கு. ரெட்டினான்னு சொல்வோம். அதுல ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு. அந்தக் கிழிசல் வழியா தண்ணி எறங்கி, காகிதம் செவுத்த விட்டு உரிஞ்சுக்கிட்டு வருது. இவங்க மாதிரி ரொம்பப் பவர் கண்ணாடி போடுறவங்களுக்கு இது வர்றதுண்டு. நாளைக்குக் காலைல ஆபரேஷன் பண்ணணும்." பிறகு பேனாவை எடுத்தார்கள். "மின்னல் மாதிரி தெரியறது எப்போ ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லுங்க. எத்தன நாளாச்சுங்கிறத வச்சுத்தான் பார்வ எவ்வளவு திரும்பும்னு நான் சொல்ல முடியும்."

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. டாக்டரம்மா மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னிக்குக் காலைலேருந்துதான்."

அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. யாருக்காகச் சொல்கிறாள் என்பது உடனே புரிந்தது. திங்கட்கிழமை என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் வரவில்லை என்பது. அதற்கு அடுத்த பதில் நான்.

ஒரு நொடியில் வாயைத் திறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டாக்டரம்மா தேதி எழுத ஆரம்பித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளே சொல்லிவிட்டாள், நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. எப்படியும் ஆபரேஷன் நடக்கத்தான் போகிறது, இனி எந்த நாளாக இருந்தால் என்ன என்று இன்னொரு நினைப்பு வந்தது. என் வீட்டுக்காரர் தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை என் பக்கம் இனி வருமா என்றும் நினைத்தேன். பதினோரு வருஷமாகக் கேட்டது, கேட்காதது எல்லாவற்றுக்கும் பேசியவள், அந்த அறையில் ஒரு வரி முழுக்க எழுதி முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல டாக்டர்," என்றேன். "திங்கக்கெழமைலேருந்து. அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. செவ்வாக்கெழமையும் சொன்னா. ஜிகினா விழுந்திருக்கும்னு நான்தான் சொல்லிட்டேன். இமையில ஒண்ணு எடுத்தும் காட்டினேன். தெர மாதிரி வந்தது நேத்து. இன்னிக்கு நடுவுக்கு வந்திடுச்சு."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு, மேலே வேறு எழுதினார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"திங்கக்கெழமையே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று நானே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிழிசல் மட்டும் இருந்திருக்கும். சுத்தி லேசர் வச்சு அடைச்சிருப்போம். பத்து நிமிஷ வேல. அன்னிக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"இப்ப?"

"நடுப்பகுதியும் தூக்கிடுச்சு. ஒட்ட வச்சிடலாம். பார்வ வரும். பழைய மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன். கோடெல்லாம் கொஞ்சம் வளைஞ்சு தெரியலாம்."

என் வீட்டுக்காரர் கை தங்கை முதுகிலேயே இருந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. வேனில் திரும்பும்போது, மாத்திரைச் சீட்டு எங்கே என்று ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு நாலு நாள் எங்களுக்குள் அந்த மாதிரிப் பேச்சுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அது மேலே எழும்பி, ஒட்டிய படலத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்; அதற்கு இவள் பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். சாப்பிட, கக்கூஸ் போக எழுந்தாலும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற தலையணைகளையெல்லாம் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் நெற்றிக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்று முட்டுக் கொடுத்து வைத்தோம். முகம் கட்டிலுக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கும். நான் பத்து நாள் லீவு போட்டேன். முதலாளி மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு அனுப்பவா என்று போனில் கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் ஒரே வழிதான். கட்டிலுக்குக் கீழே தரையில் பாய் போட்டு, மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் உறிஞ்சுகுழல் போட்டுக் கஞ்சி கொடுக்கப் படுத்தேன். பிறகு அதுவே என் இடமாகிவிட்டது. எனக்கு நேர் மேலே அவள் முகம், கண் மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி, ரத்தமெல்லாம் இறங்கி உப்பிய கன்னங்கள்.

நாலாவது நாள் பிற்பகல், வீட்டுக்காரர் பிள்ளைகளை இறக்கிவிட வேன் எடுத்துப் போயிருந்தார். நான் அப்போதுதான் சொன்னேன்.

"என்ன மன்னிச்சிடு."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் அண்ணி. எடது காது அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

சொறிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"ஏன் இன்னிக்குத்தான்னு பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"அண்ணன் உங்கள ஏதாவது சொல்லும். அதுக்குத்தான்."

"எங்கிட்டயாவது இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே. புதன்கெழம முழுக்க வாயத் தொறக்கல நீ. கத்தியிருக்கலாமே எங்கிட்ட. வலிக்குதுன்னோ, பயமா இருக்குன்னோ, எதையாவது சொல்லியிருக்கலாமே."

கேட்கும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது. குற்றம் செய்தவள் நான், அதட்டுகிறவளும் நான். மூடியின் ஓட்டைகளுக்குள்ளே அந்தக் கண் அசைந்தது.

"பயமா இருந்துச்சு அண்ணி. திங்கக்கெழம ரொம்பப் பயந்தேன். செவ்வாக்கெழம நீங்க அதுக்கு ஒரு பேர் சொன்னீங்க. அதுக்குன்னு ஒரு பேரே இருக்குன்னா, நெறைய பேருக்கு வர்றதுதான் போலன்னு நெனச்சேன். அப்புறம் மின்னும்போதெல்லாம் அந்தப் பேரச் சொல்லிப்பேன். சொன்னா பயம் போயிடும்."

அவள் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. பழைய சமாசாரம் எதையோ சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் மேலே பார்க்க முடியவில்லை. மல்லாந்து படுத்திருப்பவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்காது, காதுக்குள்தான் போகும். துடைக்காமல் விட்டுவிட்டேன்.

"அண்ணி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "இப்ப வேற ஒண்ணு தெரியுது."

எழுந்து உட்கார்ந்தேன். தலை கட்டில் சட்டத்தில் இடித்தது. "என்ன தெரியுது?"

"வட்டமா. கறுப்பு ஓரம். நான் அசைஞ்சா அதுவும் அசையுது. தண்ணிக்குள்ளேருந்து பாக்கிற மாதிரி இருக்கு. ஓரத்துல கலர் கலரா ஒரு வெளிச்சம் ஓடுது. இது பரவாயில்லயா? பயப்படணுமா?"

உள்ளே விட்ட வாயுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு உடனே தோன்றியது. ஓரத்தில் ஓடுகிற வெளிச்சத்துக்கு ஒரு சொல்லும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டையும் விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன். இந்த வீட்டில் நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. "கேட்டுடலாம்."

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். ரொம்ப நேரம் மணி அடித்து, ஒரு நர்ஸம்மா எடுத்தார்கள். எந்தக் கண், என்றைக்கு ஆபரேஷன் என்று கேட்டார்கள். சொன்னேன். பேஷண்டுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார்கள்.

"ஒரு நிமிஷம். அவங்களே சொல்வாங்க," என்று மறுபடியும் கட்டிலுக்குக் கீழே படுத்து, கையை உயர்த்தி போனை அவள் காதில் வைத்தேன்.

அவள் முதலில் தயங்கினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். வட்டத்தைச் சொன்னாள், அதன் ஓரத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. இல்லை மேடம், அப்படி இல்லை, நான் சொல்றதக் கேளுங்க என்று நிறுத்தி, முதலிலிருந்து திரும்பச் சொன்னாள். இவ்வளவு தொடர்ச்சியாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் என் கை மரத்துப்போனது. போனை அவள் காதிலிருந்து விலக்காமல் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.